மனச்சோர்வுக்கு இணையவழிச் சிகிச்சை: ஏற்பதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். நான்கு மாதங்களாக என் கணவருக்குச் சரியான தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை. குடும்ப மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி, இணையவழிச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்கிறார். "பத்து நிமிஷம்கூடப் பேசாமல் கம்ப்யூட்டரிடம் தள்ளிவிட்டார்" என்று இவர் அதைத் தொடவே மறுக்கிறார். வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்த வேண்டாம். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் அதை அவரிடமே ஒப்புக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 83 குடும்ப மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 691 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான 'ரீஆக்ட்' ஆய்வில், வழக்கமான மருத்துவத்தோடு 'பீட்டிங் த ப்ளூஸ்' அல்லது 'மூட்ஜிம்' என்ற இணையவழிப் பயிற்சியைச் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. எட்டு அமர்வுகள் கொண்ட முதல் பயிற்சியில் பாதிப் பேர் இரண்டைத் தாண்டவில்லை. மூட்ஜிமிலோ பாதிப் பேர் ஓர் அமர்வைத் தாண்டவில்லை. எதையும் தொடங்குவதற்கான தெம்பைத்தான் மனச்சோர்வு முதலில் பறித்துக்கொள்கிறது; அப்படிப்பட்டவரிடம் தனியாக உட்கார்ந்து பாடம் படிக்கச் சொன்னால் பாதியில் எழுந்துவிடுவது அவர் குற்றமாகாது. அதே மூட்ஜிமை, பயிற்சி பெற்றவர்கள் தொலைபேசியில் பேசி வழிநடத்திய அடுத்த ஆய்வில், அவ்வளவு துணை இல்லாமல் அதைப் பயன்படுத்தியவர்களைவிட நான்காம் மாத முடிவில் நோயின் கடுமை கூடுதலாகக் குறைந்திருந்தது.

ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் என்னோடு பேசப்போவது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்பதுதான். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு முதலில் பரிசீலிக்கச் சொல்வது பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு கூடிய சுயஉதவியைத்தான்.

பயிற்சியில் என்ன செய்யச் சொல்வார்கள் என்பது தெரிந்தால் தயக்கம் ஓரளவு குறையும். 'மேலாளர் இன்று என்னைப் பார்த்தும் பேசாமல் போனார்' என்று திரையில் உள்ள முதல் கட்டத்துக்குள் எழுத வேண்டும். அடுத்த கட்டத்தில் அப்போது மனத்தில் ஓடிய 'என்னை வேலையிலிருந்து நீக்கப்போகிறார்கள்' என்ற எண்ணத்தையும், அதற்கடுத்து அதற்கு உண்மையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். எளிதாகத் தெரிந்தாலும், மனம் சோர்ந்திருக்கும்போது அந்த மூன்றாவது கட்டம் வெறுமையாகவே கிடக்கும். அங்கேதான் மறுமுனையில் ஒரு குரல் வேண்டியிருக்கிறது.

மொழியையும் நான் பெரிதாகவே எண்ணுகிறேன். 'நெஞ்சு கனக்கிறது', 'மனசே சரியில்லை' என்று சொல்லிப் பழகியவருக்கு ஆங்கிலப் படிவத்தில் தம் வேதனைக்குரிய இடம் அகப்படாமல் போகலாம். அரசின் பேச்சுவழிச் சிகிச்சைச் சேவையான என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். மருத்துவர் கடிதம் இல்லாமல் நீங்களே பதிவு செய்துகொள்ளவும் முடியும். இணையவழி வேண்டாமென்றால் நேரில் பேசும் சிகிச்சையைக் கேட்பதில் தவறில்லை. நோயாளியின் விருப்பத்தையும் கருதியே முடிவெடுக்கும்படி நைஸ் வழிகாட்டுதல் சொல்கிறது.

மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில் அவருக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 27இல் 16 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதைக் கடுமையான மனச்சோர்வாகவே நைஸ் கருதுகிறது. அப்போது சிகிச்சையாளரோடு நேரடியாகப் பேசும் சிகிச்சை, மருந்து இரண்டையும் பற்றி மருத்துவரோடு பேசியாக வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதை அவரிடம் நீங்களே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. ஆம் என்றால் இணையப் பயிற்சிக்காகக் காத்திருக்காமல் அன்றே என்.எச்.எஸ். உதவி எண்ணான 111ஐ அழைத்து மனநல உதவியைத் தேர்ந்தெடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவரைத் தனியே விடாமல் 999ஐ அழையுங்கள்.