அல்சூர் நண்பர்களும் காணாமல் போன கடைகளும் – கடிதம்

அன்புள்ள சார்,

பெங்களூர் கண்டோன்மென்ட் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன், இப்போது ஓசூரில் இருக்கிறேன். 1984-இல் எங்களோடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் ஒரு வாட்ஸப் குழு தொடங்கியிருக்கிறார்கள். அந்த உற்சாகத்தில் போன மாதம் பழைய இடங்களைப் பார்க்கக் கிளம்பினேன். பிரிகேட் ரோட்டுச் சந்தில் நாங்கள் வழக்கமாக உட்காரும் பப் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. சர்ச் ஸ்ட்ரீட்டில் நாசா பப் இல்லை. எம்.ஜி. ரோட்டில் காபி ஹவுஸ் இல்லை, பிளாசா தியேட்டர் இல்லை. எல்லாவற்றையும் மெட்ரோ விழுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து புலம்பினால் என் மகள், "உங்களுக்கு வயசு திரும்பி வரணும், அவ்வளவுதான்ப்பா" என்கிறாள். அவள் சொல்வது சரிதானா?

தேவனஹள்ளிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் எல்லோரும் கூடலாம் என்று பேச்சு நடக்கிறது. தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். குழுவில் பாதிப் பேர் பதிலே போடவில்லை. அதுவும் மனதை உறுத்துகிறது.

அன்புடன்,
க., ஓசூர்

அன்புள்ள க.,

உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. அந்த வயது யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் வயதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் போனது போனதுதான். அதை அவளுக்குப் புரியும்படி சொல்ல முடியும் என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் நம்மை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம். ஒருவன் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ், ஒருவன் காலேஜ், ஒருவன் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் அப்பாவின் துணிக்கடை, இன்னொருவன் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை இறக்கினான். சம்பளம் வேறு, உடுப்பு வேறு, பேச்சு வேறு. இத்தனை பேரும் அதற்குப் பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்ததென்றால் அது அந்தச் சந்து பப்பிலும் காபி ஹவுஸிலும்தான். வேறெங்கே உட்கார்ந்தோம்? யோசித்துப் பாருங்கள்.

உங்களுடையதைப் போலவே எங்களுக்கும் ஒரு சந்து பப் இருந்தது. மத்தியானம் மூன்று மணி வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது. மரப் பெஞ்சு, ஈர மேசை, ஒரு தட்டில் காங்கிரஸ் கடலை என்கிற மசாலாக் கடலை. நடுவில், பீப்பாயிலிருந்து பிடித்த டிராட் பீர் பிட்சர் என்கிற பெரிய ஜாடியில் வந்து உட்காரும். பின்னி துணி மில்லில் வேலை போன ஒரு நண்பன் எப்போதும் சுவரோரமாக உட்காருவான். அவன் ஆர்டர் சொல்லி நான் கேட்டதில்லை. வெயிட்டர் நம்ம அல்சூர்க்காரர். பிட்சரோடு காலி மக் ஒன்றைக் கூடுதலாகக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவன் முன்னால் வைத்துவிட்டுப் போவார். பொதுப் பிட்சரிலிருந்து யார் எவ்வளவு குடித்தார்கள் என்று யார் கணக்குப் பார்த்தது? கடைசியில் சோம்புத் தட்டில் பில் வரும். அன்றைக்கு எவன் கையில் சம்பளமோ, அவன் எடுத்துக்கொள்வான். அந்த நண்பனின் மானத்தை அந்தப் பிட்சரும் அந்த வெயிட்டரும் சேர்ந்து காப்பாற்றினார்கள் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது ஒவ்வொருவரும் போனில் கியூஆர் கோடைப் பார்த்து ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பில்லும் ஆளுக்கு ஆள் பிரிந்து வருகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் பின்னி மில் நண்பன் உட்கார இடமில்லை.

பெங்களூரில் அந்தப் பழைய பப் பழக்கம் வளர்ந்ததற்குக் காரணங்கள் இருந்தன. 1809-இல் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கியதிலிருந்தே கண்டோன்மென்டுக்குப் பீர் பழக்கம் உண்டு. பட்டாளத்தோடும் அதன் வேலைகளோடும் வந்த தமிழர்கள்தான் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியேறினார்கள். பீர் காய்ச்சும் யுனைடெட் புரூவரீஸ் இந்த ஊர் கம்பெனி. டிராட் பீர் சீக்கிரம் கெட்டுப்போகும், அதிக நாள் வைத்து விற்க முடியாது. பக்கத்திலேயே காய்ச்சி, பீப்பாயில் கொண்டுவந்து அன்றன்றைக்கு விற்றதால்தான் எண்பதுகளின் பிற்பாதியில் அத்தனை பப்கள் முளைத்தன. மாதச் சம்பளக்காரனும் உள்ளே போக முடிந்தது. விண்கலம் மாதிரி ஜோடித்த நாசா இருந்த அதே ஊரில்தான் 1933-இல் தொடங்கிய டீவார்ஸ் பாரும் பழைய பிரம்பு நாற்காலிகளோடு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஈரல் வறுவல் சாப்பிட்டவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதுவும் மூடியாகிவிட்டது.

சரி, மெட்ரோ விஷயம். அதன் மேல் முழுப் பழியையும் போட வேண்டாம். எம்.ஜி. ரோட்டின் நடைபாதை நிழலும் காகிதப்பூக் கொடிகளும் மெட்ரோவால்தான் போயின. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் முதல் ரயில் ஓடியது 2011 அக்டோபரில். 1957-இலிருந்து எம்.ஜி. ரோட்டில் இருந்த காபி ஹவுஸ் 2009-லேயே அந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டது. பிரீமியர் புத்தகக் கடையும் அதே வருடம் மூடியது. இப்படிப்பட்ட இடங்கள் பல, பழைய வாடகையில் பழைய குத்தகையில் ஓடியவை. ஐ.டி. பணம் வந்து நிலத்தின் விலை ஏறியதும் கட்டடச் சொந்தக்காரர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். பார்களுக்கு இன்னொரு சிக்கல். கர்நாடகத்தில் புதிய பார் உரிமம் கொடுப்பதைப் பல வருடம் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் கையில் இருக்கும் சி.எல்.9 என்கிற பார் உரிமத்தின் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. கடை நடத்திச் சம்பாதிப்பதைவிட உரிமத்தைக் கைமாற்றிவிடுவதில் காசு அதிகம் என்றானபின் எந்த முதலாளி காங்கிரஸ் கடலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? 2010-க்குப் பிறகு வந்த, கடையிலேயே பீர் காய்ச்சும் மைக்ரோபுரூவரிகளின் பீர் நன்றாகவே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டை இறக்குகிறவன் அந்த வாசலில் ஏற மாட்டான், அதுதான் விஷயம்.

ஓசூருக்கு எப்போது போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்தே பல குடும்பங்கள் எல்லை தாண்டிப் போயின. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் முகவரி அந்தக் குளிர்காலத்தில்தான் தொலைந்தது. உங்கள் குழுவிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்துச் சேர்த்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நம் இருவர் வகுப்புகளிலும் பெண்களும் படித்தார்களே, அவர்களில் யாராவது நம்மோடு பப்பில் உட்கார்ந்ததுண்டா? அல்சூர் வீடுகளிலிருந்து அன்றைக்கு அது நடக்கிற காரியமா! காபி ஹவுஸுக்கு வந்தார்கள். தலைப்பாகை கட்டிய பேரர் கொண்டுவரும் கட்லெட்டை எங்களோடு பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். ஆகவே உங்கள் பட்டியலில் எது போனதற்கு அதிகம் வருந்துகிறேன் என்று கேட்டால், காபி ஹவுஸ் என்பேன். அது சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு மாறியிருக்கிறது. பழைய இடத்தின் பெரிய ஜன்னல் இல்லாவிட்டாலும் காபி அதே காபிதான்.

ரிசார்ட்டை விட்டுவிடுங்கள். பதில் போடாத பாதிப் பேருக்கு உங்கள் மேல் கோபம் இருக்காது. நாலாயிரத்து ஐந்நூறு இல்லை என்று குழுவில் எல்லோர் முன்னாலும் எழுத யாருக்கு மனம் வரும்? யார் பணம் தந்தார்கள், யார் தரவில்லை என்கிற பட்டியலைத் தயவுசெய்து குழுவில் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் கூடுங்கள், தலைக்கு இவ்வளவு என்ற பேச்சே வேண்டாம். பெண்களும் தயங்காமல் வருவார்கள், குடியை விட்டவர்களும் வருவார்கள். அப்புறம் ஆசைப்படுகிறவர்கள் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டு பெக்கோஸ் பப்புக்குப் போய் ஒரு பிட்சர் சொல்லிக்கொள்ளட்டும், அது இன்னும் இருக்கிறது. பதில் போடாதவர்களை நீங்களே போனில் கூப்பிடுங்கள், மெசேஜ் வேண்டாம். அந்தப் பக்கம் போன் எடுத்ததும் முதலில் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயரைச் சொல்லுங்கள்.