ஆயாவின் சாவியும் தகரக் கொட்டகையும்

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என் ஆயா போன வருடம் தவறிப்போனார். அவர் பெட்டியிலிருந்து ஒரு பித்தளைச் செம்பும், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டின் சாவியும், அவருடைய தாத்தா ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தபோது அவரைப் பற்றி எழுதப்பட்ட பதிவின் பிரதி ஒன்றும் என்னிடம் வந்தன. அது எங்கள் சொந்த வீடு. பின்னால் இருந்த தகரக் கொட்டகைகளில் ஜூலுக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தார்களாம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் வந்து எல்லாம் போயிற்று. இவற்றை வைத்துக் கலப்பு ஊடகத்தில் ஒரு சிற்பம் செய்ய ஆசை. நடுவில் கரும்பு வெட்டும் ஆள், கையில் சங்கிலி, அதில் செம்பும் சாவியும் தொங்கும். ஆயாவின் பொருள்களில் துளை போடலாமா? சமூகப் பிரச்சினையைச் சேர்த்தால் பிரச்சாரமாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் சங்கிலியை எடுத்துவிடுங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைக் கரும்புத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது தாள்தான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அப்போதிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். உங்களிடம் உள்ள பிரதியைப் பாருங்கள்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், அப்புறம் உடம்பில் உள்ள தழும்பு. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் தண்டனை. ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள்மேல் 1895 சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டது. ஒப்பந்தக்காரருக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். கணக்குப் போட்டால் ஆறு மாதக் கூலி. 1913-இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், 1914-இல், அந்த வரி நீங்கியது. இவ்வளவும் உங்கள் தாளுக்குள் இருக்க, எங்கோ பார்த்த சங்கிலி எதற்கு? கொள்ளுத்தாத்தாவின் தந்தையோ யாரோ, அவர் உடம்பில் யாரோ ஒரு குமாஸ்தா தேடிக் குறித்த அந்தத் தழும்பு வரியை ஒரு தகரத்தில் எழுத்தாக அடித்துப் பாருங்கள். எனக்கு அதுவே போதும்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் வேகமாகத் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன். தகரக் கொட்டகைகள். செம்பைப் பற்றியும் சாவியைப் பற்றியும் பாசத்தோடு எழுதிய நீங்கள், அங்கே குடியிருந்தவர்களை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால், சிற்பம் அங்கேதான் இருக்கிறது.

கேட்டோ மேனர் நம்மவர்கள் காய்கறி போட்ட நிலம். அதே இடம் ஆப்பிரிக்கர்களுக்கு உம்கும்பானே. நகரத்தில் வேறு இடம் அதிகம் கொடுக்காததால் அவர்கள் நம்மிடம் வாடகைக்கு வந்தார்கள். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் டர்பனில் 142 பேர் இறந்தார்கள். அதில் ஐம்பது பேர் இந்தியர்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். நம் கடைகளும் வீடுகளும் எரிந்ததை நம் வீடுகளில் சொல்வார்கள். செத்தவர்களில் யார் அதிகம் என்பதைச் சொல்லக் கேட்பது அபூர்வம். பிறகு நிறவெறி அரசு அவர்களைக் குவாமாஷு குடியிருப்புக்கும் நம்மைச் சாட்ஸ்வர்த்துக்கும் தனித்தனியாகக் கொண்டுபோய்ப் போட்டது. ஆயா சாவியை எடுத்துக்கொண்டார். கொட்டகையில் இருந்தவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? இந்தக் கேள்வி உங்கள் சிற்பத்தில் இல்லாவிட்டால் அது குடும்ப ஆல்பத்தோடு நின்றுவிடும். ஆயாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. அவர் வாடகை வாங்கியதும் உண்மை, வீட்டை இழந்ததும் உண்மை. இரண்டும் ஒரே தகரத்தில் இருக்கட்டும். முடிந்தால் குவாமாஷுவில் அந்தக் காலத்துக் குடும்பங்களைத் தேடிப் பேசுங்கள். ஏதாவது பொருள் தந்தால், அவர்கள் சம்மதித்தபடி பெயரும் போடுங்கள்.

பிரச்சாரம் பற்றி உங்கள் நண்பர்கள் பயப்படுவது, பிரச்சினையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும்போதுதான் சரி. தென்னாப்பிரிக்கக் கலைஞர் மேரி சிபாண்டேவின் ஸோஃபி உருவங்களைப் பாருங்கள். அவர் குடும்பத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டு வேலை செய்தவர்கள். அந்த நீலச் சீருடைத் துணியையும் வெள்ளை ஏப்ரனையும் பெரிய கவுனாக விரித்துவிட்டார், உருவத்தைத் தன் உடம்பிலிருந்தே வார்த்தார். அந்தத் துணி எது என்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

சரி, துளை விஷயம். செம்பில் போடாதீர்கள். சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுத்தால் பல பிரதிகள் வார்க்கலாம். மெழுகிலோ பிளாஸ்டரிலோ வார்த்த செம்பை வெட்டலாம், உடைக்கலாம். அசல் செம்பு சும்மா உட்காரும்படி ஓர் இடம் விட்டால் போதும், வேண்டும்போது வீட்டுக்குத் திரும்பும். பித்தளையை இரும்போடு நேராக முடுக்காதீர்கள். டர்பன் கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். பதிவுத்தாளை வெளிச்சத்தில் தொங்கவிடாமல் நகலெடுத்துப் பயன்படுத்துங்கள்.

தகரம் பழைய கூரையிலிருந்து வரட்டும். அதில் முந்தைய ஆணித் துளைகள் இருக்கும், அடைக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. நனைத்துத் தேயுங்கள், நல்ல முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று: நெளிநெளியாகச் சாம்பல் நிறத்தில் இருப்பதெல்லாம் தகரமல்ல. பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை நிறைய உண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் அந்தத் தகட்டை அறுக்காதீர்கள், தொடவும் வேண்டாம்.

தாளில் உள்ள எண்ணைக் கொண்டு வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் விசாரித்துப் பாருங்கள். அதே கப்பலில் வந்தவர்களின் தழும்புகளும் கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்; அதை எப்படி அடிப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்,
அக்கா