யோசனை

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்கெனத் தனியாக ஆள் இல்லை. பிள்ளைகளுக்கு யோசனை சொல்ல ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் போட்டால் என்ன?
– ஓர் ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: 'யோசனை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லிலேயே நிற்கிறேன். புத்தகத் தமிழில் அது மனதில் தோன்றும் வழி, பிறருக்குச் சொல்லும் புத்தி. வன்னியில் ஒரு தாய் வந்து "பிள்ளைக்கு ஒரே யோசினை, டீச்சர்" என்றால் அது நோய்க்குறி. சோறு இறங்கவில்லை, நித்திரை இல்லை, கொப்பி திறந்தபடி கிடக்கிறது, ஒரு வரி ஓடவில்லை என்று அர்த்தம்.

செயலிகள் இணையத்தில் கிடைத்த தமிழைப் படித்தவை. எங்கள் பேச்சு அதில் சொற்பம். ஆகவே எதையும் போடுமுன் நீங்களே தட்டிப் பாருங்கள்: "ஒரே யோசினையாக் கிடக்கு", "தலை விறைக்குது", "ஒண்டும் ஏலாது", "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி." கடைசி வசனத்துக்கு அது மூச்சுப் பயிற்சி சொன்னால் அங்கேயே மூடிவிடுங்கள். அமெரிக்காவில் உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கான தேசியச் சங்கம் தன் 'டெசா' செயலியை 2023இல் நிறுத்தியது. உண்ணப் பயந்து மெலிகிறவர்களும் வரும் இடத்தில் அது எடை குறைக்க வழி சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கடைசி வசனம் காதில் விழுந்தால் நேராகக் கேளுங்கள்: "சாக வேணும் எண்டு நினைப்பு வருதோ, பிள்ளை?" கேட்பதால் அந்த நினைப்பு புதிதாய் முளைக்காது. கேட்டபின் தனியே விடாதீர்கள். அன்றைக்கே வீட்டில் பொறுப்பான ஒருவரை வரவழையுங்கள். வீட்டில் வயல் மருந்து எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். இறவாணத்தில் செருகிய கிருமிநாசினிப் போத்தல் அன்று இரவே பூட்டுக்குள் போகவேண்டும். 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டு தொடக்கம் கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. யோசனைக்குப் பழைய தமிழில் தூரம் என்றும் பொருள் உண்டு. கைக்கும் போத்தலுக்கும் இடையில் அந்தத் தூரம் கூடினால் உயிர் தப்புகிறது. போத்தலை இறவாணத்திலிருந்து எடுக்க ஒரு மனிசர் வீடுவரை போகவேண்டும்.

இன்னொன்று போன். பல வீடுகளில் இருப்பது ஒன்றே, அதுவும் அண்ணனின் கையில். பிள்ளை இரவில் எழுதியது காலையில் திரையில் அப்படியே கிடக்கும். அண்ணனைப் பற்றியே எழுதியிருந்தால்?

செயலியை நீங்கள் பயன்படுத்துங்கள், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்பும் கடிதத்தை ஒழுங்குபடுத்த, பெற்றார் கூட்டத்துக்குக் குறிப்பு எழுத, கடினமான ஓர் உரையாடலை முன்கூட்டிப் பழக அது உதவும். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணவேண்டாம். 'தாய் மத்தியகிழக்கில், அம்மம்மாவோடு இருக்கும் தரம் 10 பிள்ளை' என்று ஊரையும் சேர்த்து எழுதினால் ஊருக்கே ஆள் தெரியும். ஊர், தரம், குடும்ப விபரம் மூன்றையும் மாற்றுங்கள்.

இந்தப் பக்கத்தில் நான் விடாமல் எழுதும் சண்டை ஒன்று உண்டு: 'ஆலோசனை' என்ற பெயர்ப்பலகை. அதைப் பார்க்கும் பிள்ளை புத்திமதி கேட்கப் பயந்து வாசலோடு திரும்பிவிடும். 'ஆற்றுப்படுத்தல்' என்று நல்ல சொல் இருக்கிறது. ஆறு என்றால் வழி. வழியில் கண்டவரின் வாட்டத்தை முதலில் பார்த்து, பிறகு போகும் திசை சொல்வதே ஆற்றுப்படை. பலகையை மாற்றுங்கள். அதிபரிடம் நேரசூசியில் வாரம் நான்கு பாடவேளை கேளுங்கள், பதில் வகுப்புக்கு உங்களை இழுக்காத நான்கு. அதிபர் அறையை ஒட்டாத ஓர் அறையும் வேண்டும், உள்ளே பேசுவது வெளியே கேட்கக்கூடாது.

உளநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் நீங்களே ஓர் இரவு அழைத்து, தமிழில் பேசுகிறவர் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். எனக்கும் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.