முதல் அடியில் வெடிக்காத தோட்டா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கூட்டில் புதிய பிரைமர், பவுடர், குண்டு ஏற்றி மறுபடி தோட்டா செய்வது) பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. சென்ற வாரம் நான் நிரப்பிய நூறு 9 எம்எம் தோட்டாக்களில் ஏழு முதல் தடவை வெடிக்கவில்லை. அதே ஏழையும் மறுபடி போட்டுச் சுட்டதில் ஆறு வெடித்துவிட்டன. பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் மட்டமான சரக்கா? இன்னொன்று, சில கூடுகளில் பிரைமர் இறங்கவே மாட்டேன் என்கிறது. தோட்டா நிரப்பும் பிரஸ்ஸின் கைப்பிடியை இன்னும் பலமாக அழுத்தலாமா? நிரப்பி முடித்ததில் நாலைந்து தோட்டாக்களில் பிரைமர் துருத்திக்கொண்டு நிற்கிறது. அவற்றைப் பிரஸ்ஸில் வைத்து மறுபடி அழுத்திவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. பவுடரும் குண்டும் ஏறிய தோட்டா பிரஸ்ஸில் வெடித்தால் அதைத் தாங்கிப் பிடிக்கத் துப்பாக்கியின் அறை அங்கே இல்லை. பித்தளைதான் சில்லுசில்லாகப் பறக்கும். குண்டைக் கழற்றிப் பவுடரைக் கொட்டிவிடுங்கள். அதற்கும் தட்டிக் கழற்றும் சுத்தியல் வேண்டாம், பிரைமர் துருத்தி நிற்கும்போது அந்த அதிர்ச்சி தேவையில்லாதது. பிடித்து இழுக்கிற காலெட் புல்லர் போதும். பிறகு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெற்றுக் கூட்டில் பிரைமரை மெதுவாக அழுத்திப் பார்க்கலாம்.

சரி, அந்த ஆறு தோட்டாக்கள். இரண்டாவது அடியில் வெடித்ததுதான் இதில் முக்கியமான துப்பு. பிரைமர் என்பது ஒரு சின்னக் கிண்ணம், அதில் கொஞ்சம் வெடிகலவை, அதன்மேல் அடைகல் மாதிரி ஒரு குட்டித் தகடு. துப்பாக்கியின் ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) கிண்ணத்தை அடிக்கும்போது கலவை அடைகல்லுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே நசுங்கி வெடிக்கிறது. அடைகல்லின் கால்கள் கூட்டின் அடியிலுள்ள பிரைமர் குழியின் தரையில் ஊன்றி நின்றால்தான் இது நடக்கும். ஊன்றாமல் அந்தரத்தில் நின்றால், முதல் அடி முழுக்கப் பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். நீங்கள் முடிக்காமல் விட்ட வேலையை உங்கள் துப்பாக்கி முடித்திருக்கிறது, அவ்வளவுதான். பிரைமர்மேல் பழி போடாதீர்கள். துப்பாக்கிச் சுத்தியின் ஸ்பிரிங் பலவீனமாக இருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், கம்பெனித் தோட்டா ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். அது தடங்கலில்லாமல் ஓடினால் சந்தேகம் பெரும்பாலும் உங்கள் மேஜைக்கே திரும்பும்.

அப்புறம், வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்காதீர்கள். குழாய் முனை இலக்கையே பார்த்திருக்க, 30 விநாடியாவது பொறுங்கள். தாமதித்து வெடிப்பது அபூர்வம்தான், ஆனால் உண்டு.

இறங்க மறுக்கும் கூடுகளுக்கு வருகிறேன். சுடுகளத்தில் பொறுக்கிய கலப்படக் கூடுகளா? அப்படியானால் அடியில் உள்ள முத்திரையைப் பாருங்கள். வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அது நேட்டோ சரக்கு. ராணுவத்துக்குச் செய்யும்போது பிரைமர் கழன்று வராமலிருக்கக் குழியின் விளிம்பை உள்பக்கமாக நசுக்கி வைப்பார்கள். பழைய பிரைமர் போனபின்னும் அந்த விளிம்பு அப்படியே இருக்கும். புதிய பிரைமர் அதில் முட்டி நிற்கும், அல்லது பாதி இறங்கிச் சிக்கும். உங்கள் இரண்டு புகார்களும் ஒரே புகார் என்று நான் சந்தேகிப்பது இதனால்தான்.

பலத்தால் இதைத் தீர்க்க முடியாது. ஆரம்பத்தில் நானும் அழுத்தியிருக்கிறேன். சாய்ந்து நசுங்கிய பிரைமரை வெளியே எடுத்துப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. குழி விளிம்பை ஸ்வேஜ் கருவியால் அழுத்தி விரியுங்கள், அல்லது ரீமரால் லேசாகச் சுரண்டுங்கள். ரீமரில் கை கொஞ்சம் நீண்டாலும் குழி தளர்ந்துவிடும். விரல் அழுத்தத்திலேயே பிரைமர் இறங்குகிற கூடு எதற்கும் உதவாது, குப்பைக்குத்தான்.

நேட்டோ முத்திரை இல்லாத கூட்டிலும் பிரைமர் துருத்தினால், குழியில் கரி படிந்திருக்கலாம், கூட்டைப் பிடித்து வைக்கும் ஷெல் பிளேட் தளர்ந்து கூடு சாய்ந்திருக்கலாம். ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் ப்ரோக்ரெஸிவ் பிரஸ் என்றால் பலவற்றில் பிரைமர் ஏறுவது கைப்பிடியை முன்னே தள்ளும்போதுதான். வேகத்தில் அந்தத் தள்ளலைப் பாதியில் விடுவது எல்லோரும் செய்கிற தப்பு. முட்டி நிற்பது கைக்குத் தெரியும்வரை தள்ளுங்கள்.

பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அளக்கக் கருவி தேடி ஓடாதீர்கள். ஆள்காட்டி விரலைத் தடவினால் சின்னப் பள்ளம் தெரிய வேண்டும். பவுடர் போடுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள். முடிந்தபின் சமதளத்தில் நிறுத்தினால் ஆடுகிற தோட்டாவைத் தனியே ஒதுக்குங்கள்.

ஒரே முத்திரையுள்ள இருபது கூடுகளை மட்டும் எடுத்து இந்த வாரம் பிரைமர் ஏற்றிப் பாருங்கள். சுட்டு முடித்த அந்த ஆறு கூடுகள் இன்னும் கையில் இருந்தால், அவற்றின் அடியில் என்ன முத்திரை என்றும் எழுதுங்கள்.