சாவைப் பற்றியே பேசும் மாமனார்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 52 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மாமனாருக்கு 81. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஆடியில் மாமியார் தவறிவிட்டார். அதிலிருந்து மாமா பேச்சில் பாதி சாவைப் பற்றித்தான். “நான் போனப்புறம் இந்த மோதிரம் பேத்திக்கு”, “அஸ்தியைத் தேவனாம்பட்டினத்துல கரைச்சா போதும், ராமேஸ்வரம் வரைக்கும் அலையாதீங்க” என்கிறார். என் வீட்டுக்காரர் “வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சுப்பா இது” என்று கத்துகிறார். காலையில் காபியை வைத்துக்கொண்டு மாமியார் படத்தோடு பேசுகிறார். பண்ருட்டிப் பக்கம் இருந்த முந்திரித் தோப்பு ‘தானே’ புயலில் சாய்ந்ததும், அந்த நிலத்தை விற்றதில் தம்பியோடு பேச்சு முறிந்ததும் தினசரிக் கதை. இது மறதி நோயின் ஆரம்பமா?

எனக்கும் முடியவில்லை. மாதவிலக்கு தாறுமாறாக வருகிறது, ராத்திரி வியர்த்துத் தூக்கம் போகிறது. மகள் பெங்களூரில் வேலை, மகன் சிதம்பரத்தில் படிப்பு. விழுப்புரத்து நாத்தனார் எப்போதாவது வந்து தலைகாட்டுவார். சில நாள் ‘இது எப்போதுதான் முடியும்’ என்று தோன்றிவிடுகிறது. அப்படி நினைத்துவிட்டேனே என்று அழுகிறேன்.

– ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் சாவுக்கு அதிகம் பயப்படுகிறவர் மாமா இல்லை, உங்கள் கணவர். மரண பயம் பொதுவாக முதுமையைவிட நடுவயதில்தான் கூடுதல். எண்பதை எட்டியவர்களிடம் அது குறைவாகவே காணப்படுகிறது. அம்மாவைப் பறிகொடுத்த மகன், அப்பாவும் போவார் என்பதைக் காதால் கேட்க முடியாமல் கத்துகிறார். அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் அவருக்காக மாமாவின் வாயை அடைக்கவும் வேண்டாம்.

மாமா செய்துகொண்டிருப்பது அந்த வயதுக்குரிய வேலை. மனிதன் வாழ்நாள் முழுக்க வளர்கிறான் என்று 1950இல் எட்டுக் கட்டங்களாக எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சன், கடைசிக் கட்டத்தில் நிற்கும் கேள்வி ஒன்றுதான் என்றார்: வாழ்ந்தது சரிதான் என்ற நிறைவா, எல்லாம் வீணாகிவிட்டது என்ற கசப்பா? முதியவர்கள் பழங்கதை பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று ஒதுக்கிய காலத்தில், 1963இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் அதை மறுத்தார். முடிவு நெருங்குவதை உணர்ந்த மனம் தானாகவே கணக்குப் பார்க்கிறது என்றார். மோதிரமும் அஸ்தியும் மாமா தீர்த்துவிட்ட கணக்கு. தம்பி விஷயம் தீராத கணக்கு, அதனால்தான் தினமும் வருகிறது.

மாமா படத்தோடு பேசுவதை அப்படியே விட்டுவிடுங்கள், தடுக்க வேண்டாம். வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் டெவி ரீஸ் என்ற மருத்துவர் விசாரித்து 1971இல் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், போனவரைப் பார்த்ததாகவோ குரல் கேட்டதாகவோ பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகவோ சொன்னார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாக இருந்தது. மாமா படத்திடம் பேசுவதோடு சரி, அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

அவர் பேச்சுக்கு ஒரு நேரம் கொடுங்கள். வாரம் ஒரு நாள், காலைப் பலகாரத்துக்குப் பிறகு, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஆறிலிருந்து எட்டு வாரம் போதும். ராத்திரி வேண்டாம், கிளறிவிட்ட நினைவோடு படுத்தால் தூக்கம் கெடும். ஒரு வாரத்துக்கு ஒரு காலம் மட்டும்: சிறுவயது, முதல் சம்பளம், கல்யாணம், 2004 சுனாமி, 2011 தானே புயல் என்று போகலாம். பழைய படம் ஒன்றிரண்டு கையில் இருந்தால் பேச்சு தானாக வரும். வருஷம் தப்பினால் திருத்தாதீர்கள், பெரும்பாலான வீடுகளில் பேச்சு அந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. தோப்புக் கதையில் மாட்டிக்கொண்டால் “அதெல்லாம் விடுங்க மாமா” என்று சொல்லாமல், “அன்னைக்கு உங்களுக்கு வேற வழி என்ன இருந்துச்சு?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் தேடும்போதுதான் கதை நகரும். தம்பியைப் பார்க்க அவரே வாயெடுத்தால் ஏற்பாடு செய்யுங்கள், நீங்களாகச் சமரசத்தில் இறங்காதீர்கள். பேசிய பிறகு இரண்டு மூன்று நாள் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் இந்த முறையை நிறுத்துங்கள். மனம் கணக்குப் பார்க்காமல் தன்னையே குத்திக்கொள்கிறது என்று அர்த்தம்.

“நான் போனப்புறம் இதைச் செய்யுங்க” என்பது ஏற்பாடு. “நான் இருந்து என்ன பிரயோஜனம், உங்களுக்குப் பாரம்” என்பது வேறு. அதோடு இரண்டு வாரத்துக்கு மேல் பசியில்லை, விடியுமுன் விழிப்பு, பேத்தி போனில் வந்தாலும் முகத்தில் மாற்றமில்லை என்றால் மனச்சோர்வைச் சந்தேகியுங்கள். முதியவர்கள் அதைத் துக்கம் என்று சொல்லமாட்டார்கள். உடம்பு வலி, மறதி என்பார்கள். மருத்துவர்கள் ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்லும் 15 கேள்விகள் வைத்திருக்கிறார்கள், மதிப்பெண் ஐந்தைத் தாண்டினால் மேற்கொண்டு பார்ப்பார்கள். புதுவை ஜிப்மரின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மாத்திரை சேர்த்து வைப்பது தெரிந்தால் அன்றே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் கிடைக்கும்.

மறதி பற்றிக் கேட்டீர்கள். பழைய கதை சொல்வது மறதி நோய்க்குச் சான்றில்லை. பெயர் வராமல் பிறகு ஞாபகம் வந்தால் அது வயது. ஆனால் சொன்ன கதையையே பத்து நிமிஷத்தில் முதல் தடவை போல் சொன்னால், சாப்பிட்டதையே மறந்தால், தெரிந்த தெருவில் வழி தப்பினால் பரிசோதனை தேவை. தைராய்டு, பி12, சோடியம் எல்லாம் அதில் பார்க்க வேண்டும், இவை குறைந்தாலும் மறதி வரும். ஒரே நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் அது வேறு, சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், பங்கு பெறுகிறவர் சாட்சியாகாமல் இருப்பது நல்லது. கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் அதையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து. உங்கள் கணவரை இந்த வேலையில் இறக்கிவிடுங்கள். கையில் வேலை இருந்தால் கத்துவது குறையும்.

இனி நீங்கள். ‘எப்போது முடியும்’ என்ற நினைப்பு வருஷக்கணக்கில் ஒருவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் சகஜம். உடம்பு ஓய்வு கேட்கிறது, மாமா சாகவேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. வியர்வைக்கும் தூக்கமின்மைக்கும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை இருக்கிறது. மாதவிலக்கு முழுதாக ஒரு வருஷம் நின்றபின் ரத்தம் பட்டால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். நாற்பதிலிருந்து அறுபத்தைந்து வரை அடுத்த தலைமுறைக்கு எதையாவது உருவாக்கித் தருவதில்தான் மனம் நிறைவு காணும், இல்லையென்றால் தேங்கிவிடும் என்பார் எரிக்சன். பணிவிடை மட்டும் அந்த இடத்தை நிரப்பாது. தையலோ டியூஷனோ, சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒன்றுக்கு வாரம் இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள். நாத்தனாரிடம் “முடிஞ்சா வாங்க” என்று சொல்லாதீர்கள், அதற்கு யாரும் வரமாட்டார்கள். மாதத்தில் இன்ன சனி, ஞாயிறு என்று தேதி குறித்துக் கேளுங்கள். அவர்தான் உங்கள் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும். இந்த வயதில் மாமாவைப் புது இடத்தில் படுக்க வைத்தால் ராத்திரி எழுந்து பாத்ரூம் தேடித் தடுக்கி விழ வாய்ப்பு அதிகம்.