நேர்காணலில் நன்றாகப் பேசுகிறவர்கள் வேலையில் தடுமாறுகிறார்களே, சரியான ஆளை எடுக்க நிறுவனங்கள் என்ன முறைகளைக் கையாளுகின்றன?

சிறு தொழிற்கூடம் நடத்துவதாகவும், நேர்காணலில் அசத்தியவர் மூன்றே மாதத்தில் ஏமாற்றிவிட்டதாகவும் கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதே அனுபவம் உண்டு. திருச்சி துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் கம்பெனிகளில் 18 வருடங்களாக இருக்கிறேன். அதில் 11 வருடங்கள் ஆளெடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருந்தது.

எங்களிடம் வெல்டரை எடுக்கும் முறை ஒன்று, இன்ஜினியரை எடுக்கும் முறை வேறு. வெல்டர் விஷயத்தில் நாங்கள் தப்பான ஆளை எடுத்தது அபூர்வம். இன்ஜினியர் விஷயத்தில் பல தடவை தவறினோம். ஏன் என்று எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின.

வெல்டர் வேலைக்கு வருகிறவரிடம் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று யாரும் கேட்பதில்லை. ஐடிஐ சான்றிதழையும் முன்பு வேலை பார்த்த இடத்தையும் பார்த்துவிட்டு நேராக டெஸ்ட் நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்விடுவோம். அங்கே இரண்டு குழாய்த் துண்டுகள் 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். 6ஜி டெஸ்ட் என்பார்கள். குழாயைத் திருப்பக்கூடாது. ஆள்தான் குனிந்து, நிமிர்ந்து, அண்ணாந்து பார்த்து, சுற்றிச் சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். ரூட் பாஸ், அதாவது இணைப்பின் அடியில் போடும் முதல் அடுக்கு, டிக் வெல்டிங்கில் (ஆர்கான் வாயுக் காப்பில் பற்றவைப்பது), அதன் மேல் வருவதெல்லாம் ராடால் செய்யும் ஆர்க் வெல்டிங்கில். முடிந்ததும் எக்ஸ்ரே. உள்ளே காற்றுக் குமிழ் இருந்தாலோ ரூட் சரியாக இறங்காமல் இருந்தாலோ ஃபிலிமில் தெரிந்துவிடும். அப்படித் தேறியவரும்கூட, ஆறு மாதம் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்துவிட்டால் தகுதி காலாவதியாகிவிடும் என்கிறது நாங்கள் பின்பற்றும் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிநூல். பழைய பெருமை செல்லாது.

ஃபிலிம் வருவதற்கு முன்பே பாதி விஷயம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நல்ல வெல்டர் வந்ததும் ராடைக் கையில் எடுக்கமாட்டார். இரண்டு குழாய்க்கும் நடுவில் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு துண்டுத் தகட்டில் இழுத்துப் பார்த்து ஆம்பியரைச் சரிசெய்வார். ஈரம் படக்கூடாத 7018 வகை ராடு என்றால், ராடுகளைச் சூடாக வைத்திருக்கும் மின் அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று கேட்பார். ஈரம் ஏறிய ராடால் வெல்டு பின்னாளில் விரிசல் விடும் என்பது அவருக்குத் தெரியும். இதில் எதையும் வாயால் சொல்லி நிரூபிக்க வேண்டியதில்லை.

சரி, இன்ஜினியரை எப்படி எடுத்தோம்? முதலில் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக்கூடாது என்று வடிகட்டுவோம். அப்புறம் ஏசி அறையில் 20 நிமிடப் பேச்சு. ஒருவரிடம் கல்லூரி ப்ராஜெக்டைப் பற்றிக் கேட்போம், அடுத்தவரிடம் கிரிக்கெட்டைப் பற்றி. ஆங்கிலம் சரளமாக வந்தால் மனதுக்குள்ளேயே 'ஓகே' போட்டுவிடுவோம். கடைசியில் முதலாளி 'பையன் ஷார்ப்பா இருக்கான்' என்பார். அதற்குமேல் யார் மறுத்துப் பேசுவது?

அப்படி எடுத்த ஒருவர் திட்டமிடல் பிரிவில் சேர்ந்தார். மிக நன்றாகப் பேசுவார். மூன்றாவது மாதம், வரைபடத்தில் ரிவிஷன் மாறியிருந்ததைக் கவனிக்காமல் பழைய தடிமனுக்கே தகடு ஆர்டர் போட்டுவிட்டார். தகடு வந்து வெட்டிய பிறகுதான் தெரிந்தது. அவரைத் திட்டினார்கள். அவருக்கு வரைபடம் படிக்க வருமா என்று நேர்காணலில் நான் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

அதன் பிறகு முறையை மாற்றினோம். இப்போது வருகிற எல்லோருக்கும் ஒரே வரைபடமும் அதற்கான பொருள் பட்டியலும் கொடுக்கிறோம். 45 நிமிடம். நாங்களே சில தவறுகளைச் சேர்த்து வைத்திருப்போம்: ஓரிடத்தில் அளவு கூட்டினால் சரிவராது, பட்டியலில் ஒரு ஃபிளாஞ்ச் (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) விடுபட்டிருக்கும், ஒரு மூலையில் வெல்டிங் டார்ச் நுழையவே இடமிருக்காது. 'இதைத் தயாரிக்கச் சொன்னால் யாரிடம் என்னென்ன கேட்பீர்கள்? எழுதுங்கள், தமிழிலும் எழுதலாம்.' இவ்வளவுதான் தேர்வு. முதல் தடவை வைத்தபோது, பேச்சில் தயங்கித் தயங்கி நின்ற ஒரு டிப்ளமோ பையன் அந்த மூலையைப் பென்சிலால் வட்டமிட்டு 'இங்கே கை போகாது சார்' என்று எழுதியிருந்தான். பழைய முறையில் அவனை ஐந்தே நிமிடத்தில் அனுப்பியிருப்பேன்.

இது எங்கள் பட்டறை அனுபவம் மட்டுமல்ல. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, எந்தத் தேர்வுமுறை பிற்கால வேலைத் திறனோடு எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்கிட்டார்கள். முழுப் பொருத்தம் என்றால் 1. வேலையைச் செய்துகாட்டும் தேர்வுக்கு 0.54, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.51, மனம்போன போக்கில் கேட்பதற்கு 0.38. கையெழுத்தைப் பார்த்து ஆளை எடைபோடுவதற்கு வெறும் 0.02. 2022-இல் சாக்கெட் என்ற உளவியலாளரின் குழுவினர் இந்தக் கணக்கைத் திருத்தியபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. செய்துகாட்டும் தேர்வு 0.33 ஆனது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல் 0.42-உடன் முதலிடத்துக்கு வந்தது. மனம்போன நேர்காணல் 0.19-க்குப் போய்விட்டது.

எனவே நேர்காணலையே விட்டுவிடாதீர்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்து எல்லோரிடமும் அதையே கேளுங்கள். 'எந்த நேரத்தில் எந்தத் தவறைக் கண்டுபிடித்தீர்கள், அப்புறம் என்ன செய்தீர்கள்' என்பது போல நடந்ததைக் கேளுங்கள். மதிப்பெண்ணை ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிய பிறகே கலந்து பேசுங்கள். முதலாளி கடைசியில் பேசட்டும். எங்கள் முதலாளியிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வர ஒரு வருடம் ஆனது. சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

பெரிய ஐடி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரைக் கழிக்க ஆப்டிட்யூட் தேர்வு வைக்கின்றன. பத்துப் பேர் விண்ணப்பிக்கும் இடத்துக்கு அது தேவையில்லை. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி பதவிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி பதவிகளுக்கும் நேர்காணலையே எடுத்துவிட்டது. சிபாரிசுக்கு இடமில்லாமல் செய்ய அது நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

சிபாரிசு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'தம்பி சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்? ஊரில் எந்தத் தெரு?' என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தோராட், அட்டிவெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. நேரில் பார்ப்பதற்கு முன்பே, பெயரை வைத்தே கழித்துவிட்டார்கள். தயவுசெய்து அந்தக் கேள்விகளை உங்கள் பட்டறையில் யாரும் கேட்க விடாதீர்கள். எங்கள் வரைபடத் தாளில் பெயருக்குப் பதில் எண் மட்டும்தான். திருத்தி முடித்த பிறகே பெயர்ப் பட்டியலை எடுப்போம்.

அப்புறம், செய்துகாட்டச் சொல்கிறோம் என்று நாள் கணக்கில் ஓசியில் வேலை வாங்கக்கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கூலி கொடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவருக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள்.

தேறாத வெல்டருக்கு நான் ஃபிலிமை விளக்கு முன் பிடித்துக் காட்டுவேன், 'இந்த இடத்தில் ரூட் இறங்கவில்லை பாருங்கள்' என்று. மறுபேச்சு பேசாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். சிலர் நான்கைந்து மாதம் கழித்துத் திரும்பி வந்து தேறியிருக்கிறார்கள். இப்போது இன்ஜினியர்களிடமும் அவர்கள் எழுதிய தாளைக் காட்டித்தான் அனுப்புகிறேன்.