பிறந்த குழந்தையின் பாதம் உள்ளே வளைந்திருந்தால்: நீவி விடுவதா, மாவுக்கட்டா?

கேள்வி: மகன் பிறந்து 3 வாரம் ஆகிறது. இரண்டு பாதமும் உள்பக்கமாக மடங்கியிருக்கின்றன. வாராவாரம் மாவுக்கட்டு, கடைசியில் குதிகால் நரம்பில் ஒரு வெட்டு என்கிறார் எலும்பு டாக்டர். பச்சைக் குழந்தைக்குக் கட்டு எதற்கு, எண்ணெய் தேய்த்து நீவினால் போதும், மூன்று மாதம் போகட்டும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: கட்டை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து வந்தாலும் சரிசெய்யலாம்தான், ஆனால் இப்போது எலும்புகளில் பெரும்பகுதி குருத்தெலும்பு, மூட்டு நார்களும் இளக்கமாக இருக்கின்றன, பிறகு இவ்வளவு சுலபமாக வளையாது.

மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கருப்பையில் இடம் நெருக்கி, பிறக்கும்போது பாதம் சற்றுத் திரும்பியிருக்கும் குழந்தைகள் உண்டு. மெல்லத் தூக்கினாலே பாதம் நேராக வந்துவிடும், அது பெரும்பாலும் தானாகவே சரியாகும். உங்கள் குழந்தைக்கு டாக்டர் கட்டு என்கிறார் என்றால் பாதம் இறுகியிருக்கிறது, அதாவது 'கிளப்ஃபுட்' (clubfoot) என்று அர்த்தம். அதை நீவினால் போகாது. உள்ளங்காலைப் பிடித்து மேலே தள்ளிக்கொண்டே இருந்தால் குதிகால் இருந்த இடத்திலேயே இருக்க, பாதம் நடுவில் மட்டும் வளைந்து புதுக் கோளாறு வேறு சேரும். அப்புறம், 'கிரகணத்தில் வெளியே போனாயா' என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள். ஏறக்குறைய ஆயிரம் பிரசவத்தில் ஒன்றில் வருவது இது, பெரும்பாலும் காரணம் தெரியாது, தாய் செய்த தப்பு எதுவும் இல்லை.

டாக்டர் சொன்னது பொன்செட்டி முறை. அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி 1940களின் கடைசியில் தொடங்கியது. பாதத்தைத் திறந்து செய்யும் பெரிய அறுவைசிகிச்சைகளால் வளர்ந்த பிறகு பாதம் விறைத்து வலிக்கிறது என்று பார்த்துவிட்டு, 1990களுக்குப் பிறகுதான் உலகம் இவர் பக்கம் திரும்பியது. வாரத்துக்கு ஒருமுறை பாதத்தை மெல்லத் திருப்பி, அந்த நிலையிலேயே கட்டு. பொதுவாக 5, 6 கட்டு. முழங்காலை மடக்கி, தொடை வரைக்கும் போட வேண்டும். முழங்காலுக்குக் கீழேயே நிறுத்தும் கட்டு நழுவும், பாதத்தையும் திரும்பிய நிலையில் பிடித்து நிறுத்தாது. யாராவது அப்படிப் போட்டால் தயங்காமல் ஏன் என்று கேளுங்கள்.

வெட்டு என்றதும் பயந்திருப்பீர்கள். அது உணர்ச்சி நரம்பு இல்லை, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு சேர்க்கும் தடித்த நார். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் சில நிமிடத்தில் முடிக்கிறார்கள், தையல்கூடத் தேவைப்படாது. 3 வாரக் கடைசிக் கட்டுக்குள் நார் நீளமாக வளர்ந்து மறுபடி சேர்ந்துகொள்ளும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வேண்டியிருக்கும்.

கட்டு போட்டிருக்கும்போது நனையாமல் துடைத்து விடுங்கள். விரல்நுனிகள் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ, வீங்கினாலோ, சில்லிட்டாலோ, கட்டு நழுவி விரல்கள் உள்ளே போய்விட்டாலோ ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதெல்லாம் சுலபமான பாதி. பாதம் நேராகி, கட்டும் பிரிந்த பிறகு ஒரு கம்பியின் இரு முனையிலும் ஷூ மாட்டிய சாதனம் தருவார்கள், பெற்றோர் கைவிடுவது அங்கேதான். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பிறகு தூங்கும் நேரம் மட்டும், 4 வயது வரை. 'பாதம்தான் நேராயிடுச்சே, பிள்ளை அழுகிறான்' என்று கழற்றி வைத்தால் பாதம் பழையபடி உள்ளே மடங்கும், கிட்டத்தட்ட நிச்சயம். முதல் சில நாள் அழத்தான் செய்வான், இரண்டு காலையும் சேர்த்து உதைக்கப் பழகுகிறான், நீங்களும் கம்பியைப் பிடித்து இரண்டையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாடுங்கள், பழகிவிடும். பருத்திச் சாக்ஸ் போதும். சிவந்த இடத்தில் எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள். கொப்புளம் வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள், அனேகமாக வார் தளர்ந்து குதிகால் வழுக்கியிருக்கும்.

கெண்டைக்கால் கொஞ்சம் மெலிந்தே இருக்கும், பாதமும் சற்றுச் சிறியதாக இருக்கலாம், அது மாறாது. ஓட்டத்துக்கும் விளையாட்டுக்கும் அதனால் தடையில்லை. செலவுதான் யோசனை என்றால், இது ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தில் அடங்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள், எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.